முகாம் நெருப்பருகே நடந்த நாடகம் குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், கோடை முகாம் பிரிவு

பொருள்: கடைசி இரவு நகைச்சுவை நாடகத்தில் என் மகளுக்கு நேர்ந்தது

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் கோடை முகாமுக்கு என் 9 வயது மகளை அனுப்பியிருந்தேன். நீச்சலும் கூடாரம் போடுவதும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தீர்கள், அதில் குறையில்லை. கடைசி இரவு நிகழ்ச்சிக்குப் பெற்றோரையும் அழைத்தீர்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

முகாம்களில் வழக்கமாகப் போடும் நாடகம்தான் அது. முன்னால் நிற்பவர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொள்வார். அவர் முதுகுக்குப் பின்னால் போர்வைக்குள் ஒளிந்திருப்பவர் தன் கைகளை முன்னால் நீட்டி அவருக்குப் பல் துலக்கிவிடுவார், முகம் கழுவிவிடுவார், ஊட்டிவிடுவார். பார்க்காமலே துழாவும் கை பேஸ்டை மூக்கில் அப்பினால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் பிடித்த நாடகம்தான். ஆனால் முன்னால் நிற்பவர் தானாகச் சம்மதித்து, ஒத்திகை பார்த்து வந்தவராக இருக்க வேண்டும். உங்கள் பயிற்சியாளரோ கூட்டத்தில் இருந்த என் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "வேண்டாம் அண்ணா" என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது.

ஷேவிங் நுரை அவள் வலது கண்ணுக்குள் போனது. அடிப்படையில் அது சோப்புதானே, எரியாமல் இருக்குமா? துடைத்துக்கொள்ளக் கை வேண்டும், கைகளோ போர்வைக்குள் மாட்டியிருந்தன. தலையைச் சாய்த்துத் தோளில் கண்ணைத் தேய்க்கப் பார்த்தாள். நடிக்கிறாள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அப்புறம் தலையில் முட்டையை உடைத்தார்கள். நான் ஓடிப்போய்த்தான் அவளை வெளியே எடுத்தேன். குழாயடியில் 15 நிமிடம் கண்ணைக் கழுவிய பிறகே எரிச்சல் அடங்கியது. உங்கள் உதவியாளர் சுடுதண்ணீரில் தலையை அலசிவிட, முட்டை வெந்து முடியோடு ஒட்டிக்கொண்டது. பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும் என்பதுகூட அங்கே யாருக்கும் தெரியவில்லை. முட்டை ஒவ்வாமை உண்டா என்று முன்பே யாரும் எங்களிடம் கேட்கவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடுத்த நாடகத்தில் ஒருவர்மேல் ஒருவர் மாவை வாரி வீசினார்கள். அது காற்றில் நெருப்புப் பக்கம் போனதும் குப்பென்று ஒரு சுவாலை எழுந்தது. முன்வரிசைக் குழந்தைகள் பின்வாங்கினார்கள், நல்லவேளை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூட்டையில் கிடக்கும் மாவு வேறு, காற்றில் பறக்கும் மாவு வேறு. தூசாகப் பரவிய மாவு நொடியில் தீப்பிடிக்கும். 2015 ஜூனில் தைவானில் ஒரு நீர்ப் பூங்காக் கொண்டாட்டத்தில் தூவிய வண்ணச் சோளமாவு பற்றிக்கொண்டு 15 பேர் இறந்தார்கள். ஷேவிங் நுரை டப்பாவிலும் எரியக்கூடிய வாயுதான் அடைத்திருக்கும். உங்கள் ஆட்கள் அந்த டப்பாவை நெருப்புக்கு இரண்டடி தள்ளி வைத்திருந்ததைப் பார்த்தேன்.

நாடகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழுக்காவது பெரியவர்களாக இருக்கட்டும். பயிற்சியாளர் தலையில் முட்டை உடைந்தால் பிள்ளைகள் இன்னும் சத்தமாகச் சிரிப்பார்கள். "வேண்டாம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். மாவும் நுரையும் நெருப்புப் பக்கமே வரக் கூடாது.

இவற்றை விதியாக்கி, அடுத்த முகாம் தொடங்கும் முன் எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பயிற்சியாளர் என் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம் கேட்டால் போதாது.

இப்படிக்கு,
முகாமில் கலந்துகொண்ட சிறுமியின் தாய்