எடை ஒன்றானாலும் வயது ஒன்றல்ல

ஐயா, மாவட்ட இளையோர் மல்யுத்தத் தேர்வில், ஆள் குறைந்த எடைகளில் 15, 17 வயதுப் பிரிவுகளைச் சேர்த்து நடத்தப்போவதாகத் தங்கள் நெல்லைப் பதிப்பில் படித்தேன். இது ஆபத்து. சர்வதேச விதி பிறந்த ஆண்டை மட்டுமே பார்ப்பதால், 2026-இல் 17 வயதுப் பிரிவிலேயே 2009 ஜனவரியில் பிறந்தவனும் 2010 டிசம்பரில் பிறந்தவனும் மோதலாம்; ஒரே பிரிவுக்குள்ளேயே ஏறக்குறைய இரண்டு வயது வித்தியாசம் வந்துவிடுகிறது. 15 வயதுக்காரன் அதில் இறங்க மருத்துவச் சான்றும் பெற்றோர் ஒப்புதலும் கட்டாயம். 14 வயதுக்கு அந்த வழியும் கிடையாது.

பயிற்சி மெத்தையில் அடிக்கடி பார்ப்பது இது: தராசில் இருவரும் 45 கிலோதான், ஆனால் தோள்பட்டை தரையில் படாமலிருக்கச் சின்னவன் தலையையும் காலையும் ஊன்றி உடலை வளைத்துப் பாலம் போடும்போது, மேலே அழுத்தும் பெரியவனின் பலத்தை அவன் கழுத்து தாங்குவதில்லை. ஆள் குறைந்தால் வயதைக் கலக்காமல் 45, 48 கிலோ போன்ற அடுத்தடுத்த எடைகளைச் சேர்த்து, 5 பேர் வரை, ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் மோதும் சுழல்முறையில் விடலாம். எடை பார்க்கும் மேசையிலேயே பிறப்புச் சான்றிதழையும் சரிபார்க்க வேண்டும்.

– மல்யுத்தப் பயிற்சியாளர், பாளையங்கோட்டை