சுண்டெலியின் தொப்பையும் உன் தொப்பையும்

அங் மோ கியோ, சிங்கப்பூர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண்புரை அறுவை முடிந்து இப்போதுதான் எழுத உட்காருகிறேன். எழுத்து பளிச்சென்று தெரிகிறது, வீட்டுத் தூசியும்தான்.

தொப்பை கரைய மகள் வாங்கித் தந்த ‘சிஎல்ஏ’ மாத்திரை என்று எழுதியிருந்தாயே, படித்ததும் சிரித்துவிட்டேன். ஆய்வகத்தில் விலங்குக்கூடத்தில் இருந்தபோது அதே கொழுப்பு அமிலத்தோடு இரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். சுண்டெலித் தீவனத்தில் அதைக் கலப்போம். கொஞ்சம் அசந்தால் தீவனம் சிக்கு வாடை அடித்துவிடும், அதனால் ஃப்ரீசரில் வைத்து அடிக்கடி மாற்ற வேண்டும்.

இதைக் கண்டெடுத்ததே ஒரு தற்செயல். அமெரிக்காவின் விஸ்கான்சினில் மைக்கேல் பரிஸா குழு, வாட்டிய மாட்டிறைச்சியில் புற்றுநோயைத் தூண்டும் பொருளைத் தேடப்போய், அதற்கு நேர்மாறாகப் புற்றுநோயைத் தடுக்கும் பொருளாக 1987இல் இதை அடையாளம் கண்டது. பத்து வருடம் கழித்து, தீவனத்தில் 0.5 சதவீதம் கலந்து கொடுத்த சுண்டெலிகளின் உடல் கொழுப்பு 60 சதவீதம் வரை குறைந்திருந்தது. அப்புறம் என்ன, டப்பாவில் அடைத்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நாங்களும் அந்த இளைத்த எலிகளைப் பார்த்தோம். வயிற்றைத் திறந்தால் வெள்ளைக் கொழுப்பைக் காணோம். ஆனால் ஈரல்! செங்கபில நிறத்தில் இருக்க வேண்டியது, வீங்கி, வெளிறி, கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஒரு துண்டை ஃபார்மலின் புட்டியில் போட்டேன், மிதந்தது. வயிற்றுக் கொழுப்பு போன இடம் இதுதானா என்று அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று. அந்த எலி ஒரு நாளைக்குத் தின்னும் நாலு கிராம் தீவனத்தில் 20 மில்லிகிராம் சிஎல்ஏ. அதன் எடையோ 25 கிராம். நேர்க்கணக்குப் போட்டால் (சரியான முறை இல்லைதான்) 75 கிலோ ஆளான உனக்கு 60 கிராம். மாத்திரையில் நாளைக்கு மூன்று கிராம். மனிதர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2007இல் பார்த்தபோது, வாரத்துக்குக் குறைந்த கொழுப்பு 90 கிராம்! எலிக்கும் நமக்கும் மட்டுமில்லை, சுண்டெலிக்கும் பெரிய எலிக்குமே இதில் வித்தியாசம் உண்டு.

“அப்போ நெய்யும் ஆட்டிறைச்சியும் சாப்பிடலாமே” என்று நீ கேட்பது காதில் விழுகிறது. அதிலும் சிஎல்ஏ இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் வேறு வகை. கொழுப்பைக் கரைக்கும் வகை, குசும்பா எண்ணெயில் செய்யும் மாத்திரையில்தான் பாதிக்குப் பாதி. அந்த வகையை மட்டும் தனியாகப் பருத்த ஆண்களுக்குக் கொடுத்தபோது இன்சுலின் வேலை செய்வது மந்தமானது என்று சுவீடனிலிருந்து 2002இல் ஓர் ஆய்வு வந்தது. உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. டப்பாவை எடுத்துக்கொண்டு போய் முதலில் டாக்டரிடம் காட்டு, மகள் கோபித்தால் என் பெயரைச் சொல்லிவிடு.

ஈப்போவிலிருந்து எப்போது வருகிறாய்? தேக்கா மாடியில் பழைய துணிக்கடைக்காரர் உன்னை விசாரித்தார். கீழே ஆட்டு சூப் கடையில் இன்னும் அதே வரிசைதான். எலும்பு எனக்கு, சூப் உனக்கு, ரொட்டி கிடையாது.

அன்புடன்,
மாணிக்கம்