அண்ணாச்சிக்கு ஒரு குரல்

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாதது தப்புதான். மதினியைக் கேட்டதாகச் சொல். குற்றாலத்துக் கணக்கு அப்படியே நிற்கிறது, நேரில் தீர்ப்போம்.

அண்ணாச்சிக்குப் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது, செல்போனையே பேச வைக்க எந்த ஆப் நல்லது என்று கேட்டிருக்கிறாய். ஏல, ஆப் கடைசிக் கேள்வி. நாக்கு புரளவில்லையா, சொல்லே வரவில்லையா? அதை முதலில் பார். எழுதச் சொல், இடது கையால் கோணலாக எழுதினாலும் பரவாயில்லை, சொல் சரியாக வருகிறதா என்பதுதான் முக்கியம். வந்தால் பெரும்பாலும் வாய்த் தசைதான் தளர்ந்திருக்கிறது, தட்டினால் போன் பேசிவிடும். எழுத்திலும் சொல் மாறிப்போனால் மூளையின் மொழிப் பகுதியில் அடி. வலது கை விழுந்தவர்களுக்கு அது அதிகம். அவரிடம் கீபோர்டைக் கொடுப்பது வதை. படப் பொத்தான்தான் வழி, படத்தைத் தொட்டால் போன் அந்தச் சொல்லைச் சொல்லும். சென்னையில் உருவான ஆவாஸ் ஆப் அந்த வகை. எதுவானாலும் பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒரு தடவை காட்டு.

தட்ட முடிந்தாலும் எல்லாவற்றையும் தட்ட விடாதே. 'சாப்பாடு' பார்க்க நாலு எழுத்து, போனில் எட்டுத் தட்டு. அடிக்கடி சொல்வதை முழு வாக்கியமாகப் பொத்தானில் போட்டு வை. எட்டு, பத்தோடு தொடங்கு. ஒருமுறை வைத்த இடத்தை மாற்றாதே, விரல் பழகுவது இடத்துக்குத்தான். தண்ணி, மாத்திரை எல்லாரும் போடுவார்கள். 'அது இல்ல, வேற', 'பொறு, சொல்லுதேன்' இரண்டையும் மறந்துவிடுவார்கள். அவை இல்லாவிட்டால் அவர் வாயில் மற்றவர்கள்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

போன் வாசிக்கும் தமிழ்க் குரலை டவுன்லோட் செய்து, ஏரோப்ளேன் மோடில் போட்டுச் சோதி. நெட் போன இடத்தில் ஊமையாகக் கூடாது. வேகத்தை ஒரு படி குறை. '10.30' என்று எழுதாமல் 'பத்தரை மணி' என்று எழுது. நம் எழுத்தில் ப ஒன்றுதான், ஒலி இரண்டு. பாலு மாமா 'பால்' ஆகிவிடுவார். பெயர்களை உன் குரலில் பதிந்து பொத்தானில் வை. ப்ளூடூத் ஸ்பீக்கர் சும்மா இருந்தால் தூங்கிவிடும், முதல் அசையை விழுங்கும். வயர் ஸ்பீக்கர் வாங்கு. யாருக்காவது போன் போட்டுப் பேசும்போது, பல போன்களில் அதே போனின் செயற்கைக் குரல் எதிர்முனைக்குப் போகாது. அப்போது இன்னொரு போனைப் பேசவிட்டுப் பக்கத்தில் பிடிக்க வேண்டும்.

வாக்கியங்களைப் பத்திரிகைத் தமிழில் எழுதிவிடாதே. 'எனக்கு வலிக்கிறது' என்று அண்ணாச்சி என்றைக்குச் சொன்னார்? 'வலிக்கி' என்றே போடு. ஸ்டீபன் ஹாக்கிங் 1985இல் பேச்சிழந்த பிறகு கிடைத்த இயந்திரக் குரலை, நல்ல குரல்கள் வந்த பின்னும் மாற்றிக்கொள்ளவில்லை. அது அவர் குரலாகிவிட்டது. அண்ணாச்சிக்கும் அந்த உரிமை உண்டு.

வீட்டாருக்கு ஒன்று: அவர் தட்டும்போது பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது. போனைப் பிடுங்கவே கூடாது. நீதான் முதலில் பிடுங்குவாய், தெரியும்.

குளியலறைக்கும், சார்ஜ் தீர்ந்த நேரத்துக்கும் ஓர் அட்டை வேண்டும். மேலே 12 உயிர், கீழே 18 மெய். வரிசை வரிசையாக நீ விரலை ஓட்டு, வேண்டிய எழுத்து வரும்போது அவர் கண்ணைச் சிமிட்டட்டும். அதை நான் எழுதிக் கொண்டுவருகிறேன். அதற்குள் முதல் பத்து வாக்கியம் எவை என்று அவரிடமே கேட்டு வை. நீயாக எழுதாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்