விளக்கை விட பாட்டிலுக்குப் பயப்படுங்கள்: வேலூர் பார்லர் அக்காக்களுக்கு ஒரு மடல்

சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் நகத்துக்கு ஜெல் பாலிஷ் போட்டுவிடும் அக்காக்களுக்கு வணக்கம்.

தங்கை கல்யாணத்தை ஒட்டி நானும் ஜெல் போட ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை போட்ட மறுநாளே நகத்தைச் சுற்றிச் சிவந்து ஒரே அரிப்பு. அம்மா நகச்சுத்தி என்று முடிவு கட்டி, எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் மாட்டிவிட்டார். ஒரு விரல் என்றால் சரி, ஏழு விரலுக்கு ஏழு பழமா? எரிச்சல் தாங்காமல் தோல் டாக்டரிடம் ஓடினேன். ஜெல்லில் இருக்கும் 'ஹெமா' என்கிற அக்ரிலேட் வகை ரசாயனத்தால் வந்த அலர்ஜி என்றார். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாதாம். பல் அடைக்கும் சிமெண்டிலும் இதே குடும்பத்து ரசாயனம் உண்டு, பல் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். ராணிப்பேட்டை டேனரியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். தோல் பதனிடும் குரோம் ரசாயனம் பட்டுக் கை வெடித்தவர்கள் அவருடைய செட்டிலேயே இருந்தார்கள். "செருப்பு போடறவனுக்கு இல்லம்மா, தோலை ஊறவைக்கிறவனுக்குத்தான் முதல்ல வரும்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு உங்கள் கடைப் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். நான் மாதம் ஒருமுறை போட்டுக்கொள்கிறேன். அவர்கள் நாள் முழுக்க அதிலேயே புழங்குகிறார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஜெல்லைக் காயவைக்கும் விளக்கைப் பற்றித்தான். அதில் வருவது யூவிஏ என்கிற புற ஊதாக் கதிர். 2023இல் அமெரிக்காவில், தட்டில் வளர்த்த செல்களை இருபது நிமிடம் தொடர்ந்து அந்த ஒளியில் வைத்தபோது 20 முதல் 30 சதவீதம் செத்துப்போயின. அது தட்டில் இருந்த செல், நம் கை இல்லை. கத்திரி வெயிலில் ஸ்கூட்டி ஓட்டுகிற நமக்கு யூவிஏ புதுசும் இல்லை. ஆனாலும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தடவிவிடுவதற்கோ, விரல் நுனி வெட்டிய கெட்டிக் கையுறை ஒன்றை மாட்டிவிடுவதற்கோ எவ்வளவு நேரமாகப் போகிறது?

விளக்கை விட எனக்குப் பெரிய கவலை, நன்றாகக் காயாத ஜெல். காய்ந்து இறுகிவிட்டால் அவ்வளவாகத் தொல்லை இல்லை. ஈரமாகத் தோலில் பட்டால்தான் வினை. அதனால் நகத்தோரம் வழிந்ததை விளக்கில் வைக்கும் முன்பே துடைத்துவிடுங்கள். ஒரு கம்பெனி ஜெல்லுக்கு வேறு கம்பெனி விளக்கைப் போட்டு, கூட்டம் நிற்கிறதென்று நேரத்தையும் குறைத்தால், மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே வெந்திருக்காது. நகக்கண் தோலை வெட்டவே வேண்டாம். உரிந்து வருகிற ஜெல்லைச் சுரண்டி எடுக்காமல் அசிட்டோனில் ஊறவையுங்கள்.

உங்கள் பெண்களுக்கு நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள். மெல்லிய கையுறைக்குள் இந்த ரசாயனம் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும், அதனால் ஒன்றையே நாள் முழுக்க மாட்டிக்கொண்டிருந்தால் பலனில்லை.

அப்புறம், பாட்டில் லேபிளைப் படியுங்கள். ஹெமா உள்ள ஜெல்லைத் தொழில்முறையில் போடுகிறவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது ஐரோப்பிய யூனியன் விதி. ஜெல்லை இறுக வைக்கும் டிபிஓ என்ற பொருளுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடையே வந்துவிட்டது. லேபிளே இல்லாத மலிவு பாட்டிலை வாங்காதீர்கள்.

தங்கைக்கு வளைகாப்பு வருகிறது. எனக்கு மருதாணிதான். ஆனால் சித்தி பெண்கள் நாலு பேரும் உங்களிடம்தான் வரப்போகிறார்கள். கையை நீட்டியதும், "இதுக்கு முன்னாடி அரிப்பு ஏதாவது வந்துச்சா?" என்று அவர்களைக் கேட்டுவிடுங்கள்.