படகுக்கும் பாடு போடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாகாலாந்தின் கோனோமா கிராமம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேட்டைக்குப் பேர்போன அங்காமி நாகர்களின் ஊர் அது. 1998இல் அவர்களே வேட்டையை நிறுத்திவிட்டு, தங்கள் காட்டைச் சரணாலயமாக அறிவித்தார்கள். இன்று அங்கே போகிறவர்கள் ஊரார் வீட்டில் தங்கி, ஊர்ப் பிள்ளைகள் வழிகாட்டக் காட்டைச் சுற்றுகிறார்கள். தமிழகமும் இப்படிச் செய்யலாமே என்று கட்டுரை முடிந்திருந்தது. செய்யலாம்தான். ஆனால் அங்கே காடு ஊருக்குச் சொந்தம். எங்கள் பக்கத்துப் பழவேற்காடு ஏரியோ 1980இலேயே பறவைகள் சரணாலயமாகி வனத்துறையின் கையில் இருக்கிறது.

போன தை மாதம் அக்கா பிள்ளைகளைப் பூநாரை பார்க்க அழைத்துப் போனேன். தொலைவில் வெளிர்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது, அவ்வளவுதான். படகில் போக முடியாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதிலிருந்து சுற்றுலாப் படகுக்குத் தடை. தடை போட்டதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கே தடை நீங்கினால் படகு யார் கைக்குப் போகும்? வெளியூர்க் குத்தகைதாரர் ஒருவருக்கு டெண்டர் விட்டுவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

அந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று மீனவ ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். மீனுக்குப் போடும் பாட்டைப் படகுக்கும் போடலாமே! எத்தனை படகு, படகுக்கு எத்தனை பேர் என்பதை ஊரே முடிவு செய்து, உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரையும் ஏற்றாமல் பார்த்துக்கொள்ளட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கழிவு வந்தபோது படகில் போய் அதை அள்ளியவர்களும் மீனவர்கள்தானே; இந்தப் பொறுப்பையும் அவர்களிடம் நம்பிக் கொடுக்கலாம்.

பாடு முறையிலும் குறை இருக்கிறது. பெண்களுக்கும் இருளர் பழங்குடியினருக்கும் அதில் பங்கு கிடையாது. பிடித்த இறாலைப் போடும் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றில் இறால் தடவும் இருளப் பெண்களைவிட, எந்தப் பறவை எந்தத் திட்டில் மேயும் என்று தெரிந்தவர்கள் யார்? படகுக்குப் போடும் பாடு முறையில் வழிகாட்டி வேலையை முதலில் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

இதைப் பற்றிப் பழவேற்காட்டு மீனவர்களிடமும் இருளர்களிடமும் நேரில் கேட்டு உங்கள் நிருபர் ஒரு கட்டுரை எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவொற்றியூர்.