பின்னல் மன்றத்தின் ஆண்டறிக்கை: குரோஷே குறிப்புகளைப் படிக்கப் பழகிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தில் பெரும்பகுதி, கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேயின் குறிப்புகளில் வரும் சுருக்கங்களையும் குறியீடுகளையும் சரியாகப் படிக்கப் பழகுவதில் சென்றது.

அதற்குக் காரணம் ஒரு வாசல் திரை. உறுப்பினர் ஒருவர் கட்டம் கட்டமாக வரும் ஃபிலே முறையில் பேத்தியின் பெயரைப் பின்னினார். சதுரமாக வரவேண்டிய கட்டங்கள் அமுங்கி, எழுத்துகள் குட்டையாகிவிட்டன. அவர் கைவேலையில் எந்தக் குறையும் இல்லை. குறிப்பு அமெரிக்க முறை, அவர் கற்றது பிரிட்டிஷ் முறை. அமெரிக்கக் குறிப்பில் 'டிசி' என்ற சுருக்கம், நூலை ஊசியில் ஒரு முறை சுற்றிப் போடும் உயரமான தையல். பிரிட்டிஷ் குறிப்பில் அதுவே 'டிஆர்'. அங்கே 'டிசி' என்றால் சுற்றாமல் போடும் குட்டைத் தையல். அமெரிக்கர்களுக்கு அது 'எஸ்சி'.

எனவே ஊசியை எடுக்குமுன் குறிப்பு எந்த நாட்டு முறை என்று பாருங்கள். 'எஸ்சி' கண்ணில் பட்டால் அமெரிக்கா, 'எச்டிஆர்' (அரை உயரத் தையல்) பட்டால் பிரிட்டன். இரண்டும் இல்லையென்றால் வரிசைத் தொடக்கத்தைப் பாருங்கள். 'டிசி' வரிசைக்கு மூன்று சங்கிலித் தையல் போட்டு ஏறினால் பெரும்பாலும் அமெரிக்க முறை. ஒன்று மட்டும் ஏறினால் பிரிட்டிஷ் முறை.

அடைப்புக்குறிதான் பலரையும் திணறடித்தது. அதற்குப் பின்னே 'மூன்று முறை' என்றிருந்தால் உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்பப் பின்ன வேண்டும். 'அதே துளையில்' என்றிருந்தால் அத்தனை தையலும் ஒரே இடத்தில் விழவேண்டும். அடைப்புக்குறி மூடியதும் நிறுத்திவிடாமல் அடுத்த சொல்லையும் படித்துவிடுங்கள்.

ஜப்பானியப் புத்தகங்களின் வரைபடங்களை இரண்டு கூட்டங்களில் பார்த்தோம். நீள்வட்டம் சங்கிலி, பெருக்கல் குறி குட்டைத் தையல். ஆங்கில 'டி' போன்ற தண்டின் குறுக்கே எத்தனை கோடுகளோ, அத்தனை முறை நூலைச் சுற்ற வேண்டும். கோடில்லாத தண்டு அரை உயரத் தையல், அதற்கும் ஒரு சுற்று உண்டு. வட்டப் பின்னலை நடுவிலிருந்து வெளியே படிக்க வேண்டும். ஆங்கிலம் தடையாக இருந்த மூத்த உறுப்பினர்கள் இதில் எல்லோரையும் முந்திக்கொண்டார்கள். எனக்கு இந்த ஆண்டில் மிகுந்த மகிழ்ச்சி தந்தது அதுதான்.

மன்றத்தில் சுற்றுக்கு விடும் ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் 'அமெரிக்க முறை' அல்லது 'பிரிட்டிஷ் முறை' என்று எழுதவும், இயன்றவரை வரைபடத்தையும் இணைக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்