உது எங்கட மரை இல்லை

அன்பின் மச்சான்,

எல்லோரும் சுகம். நீ கனடாவில் இருந்து கொண்டுவந்த தண்ணீர் திறக்கிற பைப் மட்டும் சுகமில்லை. கிணற்றடித் தாங்கியில் அதைப் பூட்டின நாளில் இருந்து ஒழுகுகிறது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். வெள்ளை ரேப்பை மூன்று சுற்றுச் சுற்றினேன், ஆறு சுற்றுச் சுற்றினேன், சொட்டு நிற்கவில்லை. உன் அம்மா கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, "என்ர பிள்ளை அவ்வளவு தூரத்தில இருந்து காவிக்கொண்டு வந்தது, ஒருத்தரும் கழட்டக்கூடாது" என்று காவல் இருக்கிறா.

போன வெள்ளிக்கிழமை அவ நல்லூருக்குப் போன நேரம் பார்த்து, மெல்லக் கழற்றிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டேன். எங்கே போனேன் தெரியுமா? கஸ்தூரியார் வீதியால் போய் உள்ளுக்குத் திரும்புகிற ஒழுங்கை, எங்கட அந்த இரும்புக்கடை. இன்னும் இருக்கிறது. பெயர்ப்பலகையில் பாதி எழுத்தை வெயில் தின்றுவிட்டது. யாருக்கும் அது தேவைப்படுவதும் இல்லை.

உள்ளே கால் வைத்தவுடன் அதே மணம்: தும்புக் கயிறு, கிறீஸ், கொஞ்சம் மண்ணெண்ணெய். கூரையில் இருந்து வாளியும் கப்பியும் முள்ளுக்கம்பிச் சுருளும் தொங்குகின்றன. நெடிய ஆள் என்றால் குனிந்துதான் போகவேண்டும். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன லாச்சிகள். ஒன்றிலும் பெயர் இல்லை. உள்ளே இருக்கிற சாமானில் ஒன்றை எடுத்து லாச்சியின் முகப்பில் கம்பியால் கட்டியிருக்கிறார் கடைக்கார ஐயா. பிணைச்சல் லாச்சியில் பிணைச்சல், வாசர் லாச்சியில் வாசர். பெயர் தெரியாதவனும் விரலை நீட்டி வாங்கலாம். புதுக்கடைகளில் இதுதான் எனக்குப் பிடிக்காத விசயம்: ஒரு ஆணி கேட்டால் ஒரு பக்கற் ஆணி தருவான், அதுவும் பிளாஸ்ரிக்கில் ஒட்டி. ஐயா நாலு ஆணியையும் எண்ணி, பேப்பரில் சுருட்டித் தருகிறார்.

அலவாங்கு ஒரு மூலை, யன்னல் கொழுக்கி ஒரு மூலை, அலுமாரிப் பூட்டு ஒரு மூலை. யோசித்துப் பார், அலவாங்கு, யன்னல், அலுமாரி மூன்றும் போர்த்துக்கீசன் விட்டுவிட்டுப் போன சொற்கள். 1658 இல் ஒல்லாந்தன் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து அவனைக் கலைத்தான். அவனுடைய சாமான்களின் பெயர் மட்டும் இன்னும் ஐயாவின் வாயில் இருக்கிறது. அதிலும் சாவி என்று கேட்டால் அவருக்குப் பிடிக்காது, "திறப்பு எண்டு சொல்லு" என்பார். சாவியும் போர்த்துக்கீசம்தான். எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று அவருக்கு ஒரு கணக்கு.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கட்டி கிடந்தது. முதலில் படிக்கல் என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் ஆணிகள்! ஒரு பிஸ்கற் ரின்னின் வடிவத்தில், ரின் இல்லாமல், நூற்றுக்கணக்கான ஆணிகள் கறள் பிடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கின்றன. 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பக்கம் நடந்தபோது இவரும் கடையைப் பூட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். அடுத்த வருசம் திரும்பிவந்து பார்த்தால் ஓடு இல்லை, மழை முழுக்க உள்ளே. "இதை என்னெண்டு விக்கிறது, தம்பி? பேப்பர் பறக்காமல் வைச்சிருக்கிறன்" என்றார்.

அதற்கு முந்தி, பொருளாதாரத் தடைக் காலத்தில் நாங்கள் இங்கே வந்து சைக்கிள் வால்வு வாங்கினது நினைவிருக்கிறதா? ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வால்வுக்குள்ளால் திரியை எடுத்து எரித்த விளக்கு. அந்த வெளிச்சத்தில் நீ இரசாயனவியல் படித்தாய், நான் படிக்கிற மாதிரி இருந்தேன்.

சரி, பைப்புக்கு வருகிறேன். ஐயா அதைக் கையில் வாங்கவே இல்லை, பார்த்த பார்வையில் "கனடாவோ?" என்றார். பிறகு குழாய்களை இணைக்கிற பழைய அரை இஞ்சிச் சொக்கற் ஒன்றை எடுத்துப் பூட்டிக் காட்டினார். இரண்டு மூன்று சுற்று ஆசையாகப் போனது, அதன்பிறகு இடறியது. "உது எங்கட மரை இல்லை."

இரண்டிலும் ஒரு இஞ்சிக்கு மரைப் புரி 14 தானாம். அதனால்தான் ஆளை ஏமாற்றுகிறது. எங்களுடையது வெள்ளைக்காரன் கொண்டுவந்த விற்வேர்த் மரை, பல்லின் கோணம் 55 பாகை. அமெரிக்கா, கனடாப் பக்கம் 60 பாகை. விட்டத்திலும் ஒரு மயிரிழை வித்தியாசம். பல்லுக்குப் பல் பொருந்தாமல் இடையில் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும், ரேப் எவ்வளவு சுற்றினாலும் அது ஒட்டுப்போட்ட வேலைதான். இன்னொன்றும் சொன்னார்: அரை இஞ்சிக் குழாய் என்கிறோமே, அளந்து பார், அதன் மரையின் வெளிவிட்டம் 21 மில்லிமீற்றருக்குக் கிட்ட. அரை இஞ்சி 12.7 தானே? முந்தி உள்விட்டத்தை வைத்து வைத்த பெயராம், இரும்பு மெலிந்தபிறகும் பெயர் மாறவில்லை. இவ்வளவு வயதில் இது எனக்குப் புதுச் செய்தி.

"டையைப் போட்டு எங்கட மரை வெட்டித் தரலாம். ஆனா வெட்டமாட்டன். நல்ல பித்தளை, பாவம்" என்றார். உள்ளூர்ப் பைப் ஒன்று எடுத்துத் தந்தார். பூட்டியாயிற்று, ஒரு சொட்டு இல்லை. இரண்டு வருசத்தில் சுண்ணாம்பு படிந்து இதுவும் இறுகும், எங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்படி. அப்போது கழற்றி ஒரு இரவு வினாகிரியில் போட்டால் சரி.

அம்மா கோயிலால் வந்து பார்த்தா. ஒன்றும் கதைக்கவில்லை. பின்னேரம் போய்ப் பார்த்தால், உன் பைப் துடைத்து மினுக்கி, கண்ணாடி அலுமாரியில் உன் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

முன்னறை யன்னல் கொழுக்கி நாலு கேட்டாய். பழைய பித்தளை மாதிரியில் மூன்றுதான் கிடைத்தது. பழைய வீடு எங்காவது இடித்தால் நாலாவதைப் பார்த்து வைப்பதாக ஐயா சொன்னார். அதுவரைக்கும் ஒரு கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறேன்.

மற்றது, அடுத்த முறை வரும்போது பைப் கொண்டுவராதே. ஐயா ஒரு சாமான் கேட்டிருக்கிறார்: உங்கட கனடாவின் அரை இஞ்சிச் சொக்கற்று. வெளியில் இருந்து வருகிற சனம் மாறி மாறிப் பைப் காவிக்கொண்டு வருகுதாம், பூட்டிக் காட்ட அவரிடம் அந்த மரை இல்லை. ஒன்று போதுமாம்.

அன்புடன்,
உன் மச்சான்